பனியில பிள்ளைங்கள விளையாட விடுங்க, ஈரத்துல மட்டும் விடாதீங்க

டெல்லியில குழந்தைங்க டாக்டரா இருக்கேன். டிசம்பர் லீவு நெருங்கினாலே கிளினிக்ல ஒரே கேள்விதான், "டாக்டர், மணாலி போறோம், பனியில விளையாட விட்டா நிமோனியா வந்துடாதே?" மயூர் விஹார், ஆர்.கே.புரம் பக்கத்து நம்ம தமிழ் குடும்பங்கதான் அதிகமா பயப்படுறாங்க, நம்மள பொறுத்தவரைக்கும் பனின்னா மார்கழி காலையில புல்லு மேல இருக்கிறது, அதுக்கே மங்கி கேப் போட்டு வளர்ந்தவங்க, அங்க முழங்கால் வரைக்கும் பனிய பாத்தா பயம் வரத்தான் செய்யும்.

சளி வைரஸால வருது, பனிய தொட்டதால இல்ல. கண்ணாடி ஏத்தின வண்டிக்குள்ளயும் ஒரே ரூம்ல பத்து பேர் அடைஞ்சு கிடக்கும்போதும் தான் அது ஈசியா பரவும். அதனால வெளிய விடுங்க, தாராளமா விடுங்க.

பிள்ளைய படுத்துறது ஈரம். நாம என்ன பண்றோம், காட்டன் பனியன், காட்டன் சாக்ஸ், ஜீன்ஸ் போட்டு அனுப்புறோம், பருத்தி தண்ணிய குடிச்சுட்டு விடாது, உடம்பு சூட்டை உறிஞ்சிட்டே இருக்கும், பெரியவங்கள விட சின்ன பிள்ளைங்களுக்கு சூடு சீக்கிரம் இறங்கும். உள்ள தெர்மல், நடுவுல கம்பளி ஸ்வெட்டர், மேல தண்ணி இறங்காத ஜாக்கெட், இவ்வளவு போதும். மணாலி பக்கத்துல இருக்கிற சோலாங் பள்ளத்தாக்குக்கு போற வழியில வாடகைக்கு தர்ற கோட்டும் கம்பூட்டும் முந்தின ஆள் போட்ட ஈரத்தோடயே வரலாம், அதனால உள்ள கைய விட்டு பாத்து வாங்குங்க, கம்பளி சாக்ஸுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் கவர் கட்டி பூட்ஸ மாட்டி விடுங்க. அஞ்சு விரலும் தனியா இருக்கிற கிளவுஸ விட நாலு விரலும் ஒண்ணா இருக்கிறது நல்ல சூடு. தொங்குற மஃப்ளர் சறுக்கும்போது எதுலயாவது மாட்டி கழுத்தை இறுக்கும், வேண்டாம்.

விளையாட்டுன்னா பனிப் பொம்மையும் பனி உருண்டை எறியறதும் மட்டும் இல்ல. ரொம்ப குளிர்ல விழுந்த பவுடர் பனி உருண்டையா ஒட்டவே ஒட்டாது, அன்னைக்கு ஒரு கருப்பு துணிய நீட்டி விழுற பனிய பூதக்கண்ணாடியில பாக்க சொல்லுங்க, ஆறு மூலை இருக்கும். என்கிட்ட வர்ற ஒரு பொண்ணு வாட்டர் பாட்டில் மூடியில ஓட்டை போட்டு மஞ்சத் தண்ணி, பீட்ரூட் தண்ணி ஊத்தி பனி மேல மார்கழி கோலம் போட்டிருந்தா, போட்டோவ பாத்துட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம். டியூப்ல சறுக்குறதுன்னா உக்காந்து, கால் முன்னாடி, கீழ ரோடோ மரமோ இல்லாத சரிவுல மட்டும்.

அரை மணிக்கு ஒரு தடவை உள்ள கூப்பிட்டு ஈர சாக்ஸ மாத்தி, வெதுவெதுப்பா ஏதாவது குடிக்க கொடுங்க, குளிர்ல தாகமே தெரியாது. நடுங்க ஆரம்பிச்சா அன்னைக்கு ஆட்டம் அவ்வளவுதான்.

விரல் நுனி வெளுத்து மரத்துப் போனா தேய்க்காதீங்க, நெருப்புல காட்டாதீங்க. போன வருஷம் ஒரு ஏழு வயசு பையன் விரல்ல கொப்புளத்தோட வந்தான், குளிர்னால இல்ல, ஹோட்டல் ஹீட்டர்ல கைய காட்டினதால, மரத்த தோலுக்கு சுடுறதே தெரியல பாவம். அக்குள்ல வெச்சு சூடு பண்ணுங்க, இல்ல 37-லேர்ந்து 39 டிகிரி தண்ணியில, அதாவது உங்க முழங்கைக்கு வெதுவெதுப்பா தெரியிற தண்ணியில கைய முக்குங்க. உணர்ச்சி திரும்பலன்னா உடனே ஆஸ்பத்திரி.

வெயில யாரும் நினைக்கிறதே இல்ல. புதுப்பனி புற ஊதாக் கதிர்ல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்கும், கண்ணு சில மணி நேரம் கழிச்சுதான் எரியும், அதனால கூலிங் கிளாஸ் ஸ்டைலுக்கு இல்ல, அவசியம். மணாலிக்கு மேல மலைய குடைஞ்சு போட்ட அடல் டனல் சுரங்கப் பாதைய தாண்டி 3,000 மீட்டருக்கு மேல போனா தலைவலி, வாந்தின்னு பிள்ளை சொன்னா உயரம் ஒத்துக்கலன்னு அர்த்தம், வேற யோசனையே வேண்டாம், கீழ இறங்குங்க.

வீசிங் இருக்கிற பிள்ளைக்கு குளிர்ந்த வறண்ட காத்துல மூச்சு இழுக்கலாம், இன்ஹேலர லக்கேஜோட டிக்கியில போட்டுடாதீங்க, அம்மாவோட கைப்பையில இருக்கட்டும்.