ஸ்கார்ன்: சுண்ணாம்புக்கல்லும் கற்குழம்பும் சேர்ந்து ஆக்கும் பாறை

ஸ்கார்ன் என்பது ஸ்வீடன் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களின் சொல். பெர்ஸ்பெர்க் பகுதியில் இரும்புத் தாது வெட்டியவர்கள், தாதுவை ஒட்டி வந்த வேண்டாத கல்லை இப்படிச் சொன்னார்கள். கழிவு என்பதே பொருள். 1875இல் டோர்னபோம் என்ற புவியியலாளர் இதை அறிவியல் எழுத்துக்குள் கொண்டுவந்தார். பெரும்பாலும் சுண்ணாம்புக்கல், டோலமைட் போன்ற கார்பனேட் பாறைகளுக்குள் கற்குழம்பு ஊடுருவும்போது உண்டாகும் கால்சியம் சிலிக்கேட் பாறைக்கு இன்று இதுவே பெயர்.

சுண்ணாம்புக் காளவாயில் கல்லைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, நீற்றாத சுண்ணாம்பு மிஞ்சும். நிலத்தடியில் கதை வேறு. அங்கே கற்குழம்பு வெப்பத்தோடு சிலிக்காவையும் (மணலில் இருக்கும் அதே சேர்மம்) தருகிறது. சிலிக்காவும் கால்சியம் கார்பனேட்டும் வினைபுரிந்தால் வொலாஸ்டோனைட் என்ற வெண்ணிறக் கனிமம் பிறக்கும். கரியமில வாயு இங்கேயும் வெளியேறும்.

அத்துடன் முடிவதில்லை. கற்குழம்பு ஆற ஆற, அதில் கரைந்திருந்த நீர் பிரிந்து, சிலிக்கா, இரும்பு, அலுமினியம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு சுண்ணாம்புக்கல்லுக்குள் பாய்கிறது. அப்போதுதான் கார்னெட், பைராக்சீன் என்ற சிலிக்கேட் கனிமங்கள் வளர்கின்றன. நம் நகைக்கடைகளில் கோமேதகம் என்று விற்கும் ஹெசோனைட்டும் ஒரு கால்சியம் கார்னெட்தான். ஸ்கார்ன் அது விளையும் இடங்களில் ஒன்று. வெறும் சூட்டால் சுண்ணாம்புக்கல் மறுபடிகமானால் கிடைப்பது பளிங்கு. ஸ்கார்னில் கல்லின் சேர்மானமே மாறிவிடுகிறது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் சொல்லின் உயிரே போய்விடும்.

இத்தாலியின் வெசுவியஸ் எரிமலைக்கு அடியில் தடித்த கார்பனேட் பாறை அடுக்குகள் இருக்கின்றன. அது வெடிக்கும்போது ஸ்கார்ன் துண்டுகளையும் வெளியே எறிந்திருக்கிறது. அத்தகைய கற்களில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு 1795இல் ஜெர்மானியப் புவியியலாளர் வெர்னர் வெசுவியனைட் என்று பெயரிட்டார். இங்கே கற்குழம்பும் மாறாமல் இருப்பதில்லை. சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் கால்சியத்தை ஏற்றுக்கொள்கிறது, கூடவே நிறைய கரியமில வாயுவும் பிறக்கிறது. ஜாவாவின் மெராப்பி எரிமலையிலும் இதே நிகழ்வை ஆராய்ந்திருக்கிறார்கள்.

கழிவு என்று ஒதுக்கிய இந்தப் பாறைதான் இன்று டங்ஸ்டன் என்ற உலோகத்துக்கு முக்கியமான மூலம். அதன் தாதுவான ஷீலைட்டைப் பாருங்கள்: டங்ஸ்டன் கற்குழம்பிலிருந்து வந்தது, கால்சியம் சுண்ணாம்புக்கல் கொடுத்தது. புற ஊதா விளக்கொளியில் அது நீலமாக ஒளிரும் என்பதால் இரவில் விளக்கோடு போய்த் தேடுவார்கள். செம்பு, இரும்பு, துத்தநாகமும் ஸ்கார்னில் கிடைக்கின்றன.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? சுண்ணச் சிலிக்கேட் பாறை என்றால் கனிமங்கள் தெரியும், ஆனால் கற்குழம்புக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் இடையே வேதிப்பொருள்கள் கைமாறியது தெரியாது. உருமாற்றப் பாறை மிகப் பொதுவானது, பளிங்கும் அதில் அடங்கிவிடும். ‘சுண்ணவினைப் பாறை’ என்பது என் பரிந்துரை. வேதிவினையில் உள்ள வினைதான் இது. முதல் முறை எழுதும்போது பக்கத்தில் ஸ்கார்ன் என்றும் குறிப்பிட்டால் குழப்பம் வராது. இதில் இரு வகை உண்டு: உறைந்த கற்குழம்பின் பக்கம் உண்டானது, சுண்ணாம்புக்கல்லின் பக்கம் உண்டானது. அவற்றை அகச் சுண்ணவினைப் பாறை, புறச் சுண்ணவினைப் பாறை எனலாம். பெரிய தாதுப் படிவுகள் பெரும்பாலும் புறத்தில்தான் இருக்கும்.