மேசைத் தொலைபேசி வேலை செய்யவில்லையா? ரீசெட் செய்வதற்கு முன் திரையைப் பாருங்கள்

திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததுமே கணக்குப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். "சார், எங்கள் தொலைபேசிக்கு ஓர் அழைப்பும் வருவதில்லை. நாங்கள் கூப்பிட்டால் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ரீசெட் செய்து பார்த்தோம், இப்போது அதுவும் போகவில்லை." நேரில் போய்ப் பார்த்தேன். திரையில் நிறுவனத்தின் பெயர் இல்லை, எக்ஸ்டென்ஷன் எண் இல்லை. பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்து வைத்ததுபோல வெறுமையாக இருந்தது கருவி.

அழைப்புகளைக் கையாளும் தொலைபேசி சர்வரில் அழைப்புப் பதிவைத் திறந்தபோது விஷயம் விளங்கியது. வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து அந்த எண்ணுக்கு வந்த ஒவ்வோர் அழைப்புக்கும் அந்தக் கருவியே 486 என்று பதில் அனுப்பியிருந்தது. 'வேறு வேலையாக இருக்கிறேன், இப்போது எடுக்க முடியாது' என்று அதற்குப் பொருள். அலுவலகத்தில் யாருமே இல்லாத சனிக்கிழமை இரவிலும் அதே பதில். ஏதோ கூட்டத்துக்காக யாரோ 'தொந்தரவு செய்யாதே' பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். திரும்ப அழுத்தி விலக்க மறந்துவிட்டார்கள். திரையின் மூலையில் சின்னதாக ஒரு குறி இரண்டு நாளாக எரிந்துகொண்டிருந்திருக்கும். அதைக் கவனித்து ஒரே ஒரு முறை அழுத்தியிருந்தால் போதும். ரீசெட் செய்ததில் அந்தக் குறியும் போயிற்று, அதனுடன் எல்லா அமைப்புகளும் போயின. பழைய விவரங்களை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. சர்வரில் புதுக் கடவுச்சொல் உருவாக்கி, ஒவ்வொன்றாக ஏற்றி முடிக்க மதியம் ஆகிவிட்டது. அதுவரை கணக்குப் பிரிவை யாராலும் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை.

இணையவழித் தொலைபேசிகளைப் பராமரிக்கும் வேலையில் இதே காட்சியை வெவ்வேறு அலுவலகங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கோளாறு வந்த நேரத்தில் கருவி தன் நிலையைத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறது. ரீசெட், அந்தச் சாட்சியத்தை அழித்துவிடுகிறது.

மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுப்பது வேறு, தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்புவது வேறு. முன்னதில் அமைப்புகள் அப்படியே இருக்கும். பின்னதில் சர்வர் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், பொத்தான்களுக்கு வைத்த பெயர்கள் எல்லாம் அழியும். இயங்கத் தொடங்கியதும் சர்வரிலிருந்து தானாகவே அமைப்புகளை இறக்கிக்கொள்ளும்படி சில அலுவலகங்களில் ஏற்பாடு செய்திருப்பார்கள். அங்கே இழப்பு அதிகமில்லை. அந்த ஏற்பாடு உங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா என்று தெரியாதவரை ரீசெட் பக்கம் போகாதீர்கள். வெறுமனே அணைத்துப் போடுவதாக இருந்தாலும், அதற்கு முன் கைப்பேசியில் திரையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கருவியின் மெனுவில் 'ஸ்டேட்டஸ்' என்றொரு பக்கம் இருக்கும். ஐபி முகவரியும் (நெட்வொர்க்கில் கருவியின் முகவரி) பதிவு நிலையும் (கருவி சர்வரில் தன்னைப் பதிவு செய்துகொண்டதா என்பது) அங்கே இருக்கின்றன. அந்தப் பக்கத்தின் படம் எனக்கு வந்து சேர்ந்தால் பல நேரங்களில் நான் நேரில் வர வேண்டிய தேவையே இருக்காது.

அடுத்ததாக ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே அழைப்பு இரண்டு வழிகளில் பயணம் செய்கிறது. 'இன்னார் இன்னாரை அழைக்கிறார், மணி அடிக்கட்டும், எடுத்துவிட்டார், வைத்துவிட்டார்' என்ற தகவல்கள் ஒரு வழியில் போகின்றன. எஸ்ஐபி என்ற நெறிமுறை அது. 2002ஆம் ஆண்டில் ஆர்எஃப்சி 3261 என்ற ஆவணத்தில் இன்றைய வடிவம் பெற்றது. வழக்கமாக 5060 என்ற போர்ட்டில் (தகவல் நுழையும் வாசல் எண்) இயங்கும், பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்திருந்தால் 5061. குரல் போவது வேறு வழி. ஆர்டிபி என்ற நெறிமுறையில், வேறு போர்ட் எண்களில், சில அமைப்புகளில் சர்வரைத் தொடாமல் இரண்டு கருவிகளுக்கிடையே நேராகவே போகும். ஆகவே மணியே அடிக்கவில்லை என்றால் தேட வேண்டிய இடம் ஒன்று. மணி அடிக்கிறது, எடுத்தால் பேச்சு கேட்கவில்லை என்றால் இடம் வேறு. "தொலைபேசி வேலை செய்யவில்லை" என்ற புகாரை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று எங்களுக்குத் தெரியாது. "மணி அடித்தது, எடுத்தேன், அவர் பேசியது கேட்டது, நான் பேசியது அவருக்குக் கேட்கவில்லை" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

கேபிள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருவியின் பின்பக்கம் ஒரே மாதிரி இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று சுவரிலிருந்து வரும் இணைப்புக்கு, மற்றது மேசைக் கணினிக்கு. மாற்றிச் செருகினால் பல மாடல்கள் உயிர்பெறுவதே இல்லை, ஏனெனில் கேபிள் வழியாக வரும் மின்சாரத்தை முதல் துளைதான் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் சுவரிலேயே செருகிவிட்டால் நிலைமை மோசம்: நெட்வொர்க்கில் வளையம் உருவாகி, கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் கருவியில் அதற்கான பாதுகாப்பு இல்லாவிட்டால் அந்தத் தளம் முழுவதும் முடங்கும். கைப்பிடியின் சுருள் கம்பியை ஹெட்செட் துளையில் செருகிவிட்டு 'சத்தமே கேட்கவில்லை' என்று தவித்தவர்களும் உண்டு. துளைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு படங்களை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாலே போதும்.

ஐபி முகவரி நிறையச் சொல்லும். அது 169.254 என்று தொடங்கினால் கருவிக்கு முகவரி தர யாரும் முன்வரவில்லை, தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது என்று அர்த்தம். கேபிள், ஸ்விட்ச், முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் ஆகியவற்றில்தான் கோளாறு. கருவியின் அமைப்புகளைக் கிளறுவதில் பயனில்லை. முகவரி இருக்கிறது, ஆனால் பக்கத்து மேசைத் தொலைபேசிகளின் வரிசையில் இல்லாமல் கணினிகளின் வரிசையில் இருக்கிறது என்றால், குரலுக்கென்று ஒதுக்கிய வி-லேன் என்ற தனி நெட்வொர்க் பகுதிக்குள் கருவி போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்த மறுநாள் வரும் புகார்களில் இது அடிக்கடி தென்படும். சுவரில் இருக்கும் எல்லாத் துளைகளும் ஒன்றல்ல என்பது இடம் மாறியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

முகவரி சரியாக இருந்தும் பதிவாகவில்லை என்றால் கருவி காட்டும் எண்ணைப் பாருங்கள். 403 என்றால் சர்வர் உங்களை அறிந்தே மறுக்கிறது: கடவுச்சொல்லோ பயனர் பெயரோ தவறு, அல்லது அந்தக் கணக்குக்கு அனுமதி இல்லை. 408 என்றால் பதிலே வரவில்லை: சர்வர் முகவரி தவறு, அல்லது இடையில் ஃபயர்வால் என்ற பாதுகாப்புத் தடுப்பு மறிக்கிறது. பதிவேட்டில் 401 என்ற எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். முதல் முயற்சிக்குச் சர்வர் 'நீ யார் என்று நிரூபி' என்று கேட்பது அப்படித்தான். அடுத்த வரியில் 200 வந்திருந்தால் எல்லாம் சரி. எண் பலகையில் கடவுச்சொல்லை உள்ளிடும்போது பெரிய எழுத்து சிறிய எழுத்தாவதும் சுழியம் 'ஓ' எழுத்தாவதும் சாதாரணம். முடிந்தவரை கணினியின் உலாவியில் கருவியின் பக்கத்தைத் திறந்து உள்ளிடுங்கள். மறையாக்கம் பயன்படுத்தும் இடங்களில் திரையின் தேதியையும் பாருங்கள். தேதி பல வருடம் பின்தங்கியிருந்தால், சர்வரின் அடையாளச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று கருவி முடிவு செய்து பதிவையே கைவிட்டுவிடும்.

எல்லாரையும் குழப்பும் புகார் ஒன்று உண்டு. "காலையில் அணைத்துப் போட்டால் அழைப்பு வருகிறது, சற்று நேரம் கழித்து நின்றுவிடுகிறது. நாங்கள் ஒருவரைக் கூப்பிட்ட பிறகு மறுபடி வருகிறது." இதைச் சொல்பவரே கூச்சத்துடன்தான் சொல்வார், யாரும் நம்பமாட்டார்கள் என்று. நம்புங்கள், அவர் மிகச் சரியாகக் கவனித்திருக்கிறார். சர்வர் அலுவலகத்துக்கு வெளியே, இணையத்தில் எங்கோ இருக்கும்போது, கருவி அனுப்பும் தகவல் ரூட்டரைக் கடந்துதான் போகிறது. போகும்போது ரூட்டர் ஒரு வாசலைத் திறந்து, பதில் வருவதற்காக வைத்திருக்கும். போக்குவரத்து இல்லையென்றால் சிறிது நேரத்தில் மூடிவிடும். பல ரூட்டர்களில் ஒரு நிமிடம்கூட ஆகாது. கருவியோ மணிக்கு ஒருமுறை, அதாவது 3600 நொடிக்கு ஒருமுறை, பதிவைப் புதுப்பிக்கும்படி அமைந்திருக்கும். இடைப்பட்ட நேரத்தில் யாராவது அழைத்தால் அந்த அழைப்பு மூடிய வாசலில் மோதி நிற்கும். திரையில் மட்டும் 'பதிவாகியுள்ளது' என்றே இருக்கும். நீங்கள் ஒருவரைக் கூப்பிடும்போது வாசல் திறக்கிறது, அதனால் சற்று நேரம் அழைப்பும் வருகிறது. 'கீப் அலைவ்' என்ற அமைப்பை இயக்கி, 20 அல்லது 30 நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு தகவலைக் கருவி அனுப்பும்படி செய்தால் வாசல் திறந்தே இருக்கும்.

இன்னொரு அலுவலகத்தில், வெளியிலிருந்து வரும் அழைப்புகள் பாதியில் துண்டிக்கப்படுவதாகப் புகார். இணைய வேகத்தைக் கூட்டினார்கள், கேபிள்களை மாற்றினார்கள், இரண்டு கருவிகளைப் புதிதாகவே வாங்கிவிட்டார்கள். நான் போய் வரவேற்பு மேசைக்கு முன்னால் கடிகாரத்துடன் உட்கார்ந்தேன். முதல் அழைப்பு 32 நொடியில் அறுந்தது. இரண்டாவதும் 32. மூன்றாவது வந்தபோது வரவேற்பில் இருந்தவரும் என்னுடன் சேர்ந்து எண்ணினார், 32.

இணையத்தின் வேகக் குறைவால் அறுந்தால் ஒருமுறை 10 நொடியிலும் ஒருமுறை 4 நிமிடத்திலும் அறுந்திருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே நொடியில் அறுவது என்றால் ஏதோ ஒரு விதி அதை அறுக்கிறது. அழைப்பை எடுத்ததும் கருவி 'எடுத்துவிட்டேன்' என்று 200 அனுப்பும். மறுமுனை 'கிடைத்தது' என்று ஒப்புகை தர வேண்டும். ஒப்புகை வராவிட்டால் கருவி அதே தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்பும். முதலில் அரை நொடி இடைவெளி, பிறகு இரட்டிப்பாகி, 4 நொடிவரை போகும். அரை நொடியின் 64 மடங்கு, அதாவது 32 நொடி ஆகியும் ஒப்புகை வராவிட்டால் அழைப்பை முடித்துக்கொள்ளும்படி நெறிமுறையே சொல்கிறது. அந்த அலுவலகத்தில் அந்த மாதம்தான் புது ரூட்டர் வைத்திருந்தார்கள். அதில் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்ற வசதி பெட்டியிலிருந்து வரும்போதே இயங்கிக்கொண்டிருந்தது. கடந்து போகும் தகவல்களுக்குள் கைவைத்து முகவரிகளை மாற்றித்தருவது அதன் வேலை. குரலுக்கான முகவரியைச் சரியாக மாற்றிய அது, ஒப்புகை வந்துசேர வேண்டிய முகவரியைத் தவறாக மாற்றியிருந்தது. பேச்சு இரு பக்கமும் தெளிவாகக் கேட்டதால் யாருக்கும் ரூட்டர்மேல் சந்தேகம் வரவில்லை. அந்த வசதியை நிறுத்தினேன். அடுத்த அழைப்பில் 32 கடந்து 33, 34 என்று எண்ணியபோது வரவேற்பில் இருந்தவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பல நாளாக வாடிக்கையாளர்களின் கோபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்கும் கோளாறுக்கும் பெரும்பாலும் இதே முகவரிக் குழப்பம்தான் காரணம்; இல்லையென்றால் குரலுக்கான போர்ட்களை ஃபயர்வால் மூடியிருக்கும். குரல் விட்டுவிட்டுக் கேட்பது வேறு கதை. குரலை எண்களாக மாற்றும் ஜி.711 என்ற முறையில் ஒரு பக்கப் பேச்சு நொடிக்கு 50 பொட்டலங்களாக, அதாவது சிறு தகவல் துண்டுகளாகப் போகிறது, ஒவ்வொன்றிலும் 20 மில்லிநொடிப் பேச்சு. பொட்டலங்களின் முகவரித் தலைப்புகளையும் சேர்த்தால் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் 90 கிலோபிட்டுக்கும் குறைவாகவே ஆகிறது. ஆகவே கூடுதல் வேகத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், பெரிய கோப்புகள் போகும் நேரத்தில் குரல் பொட்டலங்களுக்கு முன்னுரிமை கிடைக்கிறதா என்று பாருங்கள். கருவியில் அந்த முன்னுரிமைக்கான மதிப்பு வழக்கமாக 46. ஸ்விட்ச்சும் ரூட்டரும் அந்த எண்ணை மதித்தால்தான் பலன்.

கருவியின் உலாவிப் பக்கத்துக்கு வாங்கும்போது இருந்த கடவுச்சொல்லையே விட்டுவைப்பதும், வசதிக்காக அந்தப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்துவிடுவதும் மிக ஆபத்தானவை. இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன். உள்ளே நுழைபவர் உங்கள் கணக்கிலிருந்து அயல்நாட்டுக் கட்டண எண்களுக்கு இரவு முழுவதும் அழைக்க முடியும். அந்தத் தொகை உங்கள் பெயரில்தான் வரும். கோளாறைச் சரிசெய்ய ஃபயர்வாலைத் தற்காலிகமாகத் திறந்தால், எழுந்து போவதற்குள் மூடிவிடுங்கள்.

அமைப்புகளை மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பழைய மதிப்பை எழுதிவைத்து, சோதித்துப் பாருங்கள். பயன் இல்லையென்றால் பழையபடி ஆக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சரியாகிவிட்டதாகத் தோன்றியதும் எழுந்துவிடாமல் உள்ளிருந்து வெளியே ஒன்று, வெளியிலிருந்து உள்ளே ஒன்று என இரண்டு அழைப்புகள் செய்யுங்கள். ஒன்றை ஹோல்டில் வைத்து எடுங்கள், பக்கத்து எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றிப் பாருங்கள், எண்களை அழுத்தச் சொல்லும் ஏதாவது தானியங்கிச் சேவையை அழைத்து உங்கள் பொத்தான்களை அது ஏற்கிறதா என்று பாருங்கள். உள்ளே வந்த அழைப்பைத் துண்டிக்காமல் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசுங்கள். பிறகு கருவியைத் தொடாமல் பத்து நிமிடம் விட்டுவிட்டு, வெளியிலிருந்து மறுபடி ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.