அடிக்ஷன்: அடிமையா, விடாப்பழக்கமா?

சென்ற வாரம் ஒரு துண்டறிக்கையின் தமிழ் வடிவத்தைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். பெற்றோருக்கானது. தலைப்பு: "உங்கள் குழந்தை கைபேசி அடிமையா? கண்டறியப் பத்துக் கேள்விகள்." உள்ளே போனால் "அடிமைத்தனத்தின் அறிகுறிகள்", "அடிமையாக்கும் செயலிகள்", "அடிமை மீட்பு" என்று பக்கத்துக்கு நாலைந்து அடிமைகள். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளைப் பற்றிய தாள் அது. நாளிதழ், தொலைக்காட்சி விவாதம், பள்ளி விழா உரை, காணொளித் தலைப்பு என எல்லா இடத்திலும் இதே சொல்தான் ஓடுகிறது. நெடுநாள் கேட்டுப் பொறுத்திருந்தேன். ஒரு குழந்தையைப் பார்த்து அச்சில் இப்படிக் கேட்கத் துணிந்த பிறகு பொறுக்க முடியவில்லை.

இந்த 'அடிமை' எல்லாம் 'அடிக்ஷன்' (addiction) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வைத்த தமிழ். அதன் மூலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இலத்தீனில் 'ஆட்' என்றால் நோக்கி, 'டீக்கெரே' என்றால் சொல்லுதல். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை இன்னாருக்கு உரியது என்று தீர்த்துச் சொல்லிவிடுதல். பழைய உரோமச் சட்டத்தில், கடனைத் திருப்ப முடியாதவனை நடுவர் கடன் கொடுத்தவன் கையில் ஒப்படைப்பார். அப்படி ஒப்படைக்கப்பட்டவன் 'அடிக்டஸ்'. ஆங்கிலத்துக்கு வந்த 16ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் தன்னைத் தானே ஒன்றுக்கு ஒப்புக்கொடுத்துவிடுவதைக் குறித்தது. படிப்பில் மூழ்கியவரையும் அப்படிச் சொல்லலாம். அதில் பழி இல்லை. அபினி, மார்ஃபின் ஆகியவற்றோடு ஒட்டி நோய்ப் பொருளில் இறுகியது ஏறக்குறைய 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில். 'அடி' என்ற ஒலியைப் பிடித்துக்கொண்டு, இது தமிழிலிருந்து போன சொல் என்று சிலர் எழுதுகிறார்கள். ஒலி ஒப்புமை தற்செயல். தமிழின் பெருமைக்கு அந்த ஊன்றுகோல் தேவையில்லை.

இனி 'அடிமை'. இந்தச் சொல்லை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணம் வலுவானதுதான், அதை மறைக்க மாட்டேன். இலத்தீன் மூலமே கடனுக்கு அடிமைப்பட்டவன். எனவே தமிழில் 'அடிமை' என்பது மூலத்துக்கு மிக அருகில் நிற்கிறது என்கிறார்கள். சுந்தரர் கதையை நினைத்தால் இந்த ஒப்புமை இன்னும் மின்னுகிறது. திருமணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை இதோ, நீ எனக்கு அடிமை என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. ஓலையைப் பார்த்து அவை தீர்ப்புச் சொல்கிறது. உரோமில் நடுவர், இங்கே அவையோர். இரண்டு இடத்திலும் ஒரு மனிதரை இன்னொருவருக்கு உரியவர் என்று தீர்த்துச் சொல்கிறார்கள்.

ஆனால் இந்த அழகே அந்தச் சொல்லுக்கு எதிரான சாட்சி. தமிழில் அடிமை என்றால் எதிரே ஓர் ஆண்டான் இருந்தாக வேண்டும். ஓலை இருக்கும், உரிமை கொண்டாடுபவர் இருப்பார். பக்தி இலக்கியத்தில் அடியார், ஆட்படுதல், அடிமை செய்தல் எல்லாம் உயர்ந்த சொற்களாக நிற்பதற்கும் அதுவே காரணம்: அங்கே ஆண்டவன் யாரென்று தெரியும், அடியார் மனமுவந்து ஆட்படுகிறார். உலக வழக்கிலோ அது கொடுமையின் சொல். மனிதரை விற்ற செய்திகள் நம் கல்வெட்டுகளிலேயே உண்டு. இந்த இரண்டில் எதுவும், பாடம் படிக்காமல் இரவு பன்னிரண்டு மணிவரை காணொளி பார்க்கும் ஒரு பிள்ளைக்குப் பொருந்தாது. "கைபேசிக்கு அடிமை" என்கிறோம். கைபேசியா ஆண்டான்? கண்ணாடியும் மின்கலமும் சேர்ந்த ஒரு கருவியை ஆண்டான் இடத்தில் உட்கார வைத்துவிட்டோம். அந்தக் கருவியின் திரையில் எதை எப்போது காட்டினால் கண் நகராது என்று கணக்குப் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் வாக்கியத்துக்கு வெளியே போய்விட்டார்கள்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் இணையப் பக்கத்துக்கு ஒரு முடிவு இருந்தது. அங்கே வந்ததும் அடுத்த பக்கத்துக்கான பொத்தானை அழுத்துவதா, எழுந்து போவதா என்று ஒரு நொடி யோசிப்போம். அந்த நொடியை எடுத்துவிட்டதுதான் முடிவில்லா உருட்டல். அதை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வருந்துவதாக வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். திரையைக் கீழே இழுத்துவிட்டால் புதிதாக ஏதாவது வரும், வராமலும் போகும். வருமா வராதா என்பது தெரியாததால்தான் விரல் திரும்பத் திரும்ப இழுக்கிறது. உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் கண்டது இதையே: ஒவ்வொரு கொத்தலுக்கும் தீனி விழுந்தால் அல்ல, எப்போது விழும் என்று தெரியாதபோதுதான் புறா ஓயாமல் கொத்துகிறது. சூதாட்ட இயந்திரம் இயங்குவதும் இப்படியே. வள்ளுவர் சூதில் கிடைக்கும் வெற்றியை, "தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று" என்றார். இரை என்று நினைத்து மீன் விழுங்கியது தூண்டில் முள்ளை. இங்கே மீனை 'அடிமை' என்பீர்களா? மீன் சிக்கியது. தூண்டிலைப் போட்டவர் கரையில் இருக்கிறார். தமிழில் பேச்சு வழக்கும் 'சிக்கினான்', 'மாட்டிக்கொண்டான்' என்றுதான் சொல்லும்.

மருத்துவ உலகமும் இந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டிருக்கவில்லை. உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு 1957இல் 'அடிக்ஷ'னையும் வெறும் பழக்கத்தையும் பிரித்து வரையறுத்தது. 1964இல் இரண்டையும் விட்டுவிட்டு, சார்ந்திருத்தல் என்ற பொருள்தரும் 'டிபென்டன்ஸ்' என்பதைப் பரிந்துரைத்தது. ஆகவே 'சார்பு' என்று வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். வைக்கலாம், ஆனால் அது வேறு பொருள். இன்சுலின் போட்டுக்கொள்பவர் அதைச் சார்ந்திருக்கிறார்; அவருக்கு அதன்மேல் அடங்காத வேட்கை கிடையாது. தமிழில் 'சார்பு' என்றால் ஒருபக்கம் சாய்தல் என்ற பொருளும் கூடவே வந்து நிற்கும். நடுநிலை தவறியவரைச் சார்பானவர் என்று சொல்கிற மொழியில் "இணையச் சார்பு" என்று எழுதினால் அது அரசியல் போலக் கேட்கும்.

உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் மின்னணு விளையாட்டு சார்ந்த கோளாறு இடம்பெற்றது. கைபேசியை அதிகம் பயன்படுத்துவது என்று தனியாக ஒரு நோய் அதில் இல்லை என்பதைத் துண்டறிக்கை எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும். விளையாட்டுக் கோளாறுக்கு அது சொல்லும் அடையாளங்கள் எளிமையானவை: ஆடுவதைத் தன் கட்டுக்குள் வைத்திருக்க முடியாமல் போவது, மற்ற வேலையும் விருப்பமும் பின்னுக்குத் தள்ளப்படுவது, கேடு விளைவது தெரிந்தும் தொடர்வது. இது வழக்கமாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். இழக்க இழக்கவும் ஆசை வளரும் அந்த நிலையை "இழத்தொறூஉம் காதலிக்கும் சூது" என்று அதே வள்ளுவர் மூன்றே சொல்லில் வைத்திருக்கிறார். மூன்றாவது அடையாளம் அதுதான். அடிமை என்ற சொல் இந்த மூன்றில் எதையும் காட்டவில்லை. அடிமைக்கு ஆசை கிடையாது. வாய்ப்புக் கிடைத்தால் ஓடிவிடுவான். சிக்கியவரோ ஓட வழியிருந்தும் திரும்பி வருகிறார். நோயின் உயிரான குறியே அந்தத் திரும்பி வருதல்.

'போதை' என்ற போட்டியாளர் வேறு இருக்கிறது. "டிஜிட்டல் போதை", "கைபேசி போதை" என்று தலைப்புக்கு எடுப்பாக இருப்பதால் இதழ்களுக்குப் பிடித்துவிட்டது. போதை என்பது பொருள் உள்ளே போனதும் வருகிற மயக்கம். முதல் தடவை குடிப்பவருக்கும் போதை ஏறும். அவருக்குப் பழக்கம் இல்லை. நெடுநாள் குடிப்பவர் குடிக்காமல் நடுங்கும் காலைப் பொழுதில் அவருக்குப் போதை இல்லை. பழக்கம்தான் அவரைப் பிடித்து ஆட்டுகிறது. காரணம் ஒன்று, விளைவு ஒன்று என்று தெளிவாக இரண்டு சொல் வைத்திருக்கும் மொழியில் அவற்றைக் குழப்புவது அநியாயம்.

'மீளாப் பழக்கம்' என்றும் ஒன்றைப் பார்த்தேன். உருவாக்கியவர் நல்லெண்ணத்தோடு செய்திருக்கிறார், 'பழக்கம்' என்ற சரியான அடியையும் பிடித்துவிட்டார். ஆனால் 'மீளா' என்பது கதவை அடைத்துவிடுகிற சொல். மீளாத் துயில் என்றால் சாவு. மீள்வதற்காகச் சிகிச்சைக்கு வருகிறவரிடம், உங்களுக்கு இருப்பது மீளாப் பழக்கம் என்று எந்த வாயால் சொல்வது?

தமிழருக்கு இந்த இடத்தில் சொல் பஞ்சமே இல்லை. மருத்துவர் "உங்களுக்குப் பழக்கம் ஏதாவது உண்டா?" என்று கேட்டால் என்ன கேட்கிறார் என்று எல்லோருக்கும் புரியும். குடிப்பழக்கம், புகைப்பழக்கம் என்ற சொற்கள் பல தலைமுறையாக இந்தச் சுமையைத் தூக்கி நடக்கின்றன. பழக்கத்தை நிறுத்துவதற்கு நாம் சொல்லும் வினை 'விடுதல்'. "குடியை விட்டுட்டார்." அந்த வினையின் அழகு, அது இரண்டு பக்கமும் ஓடும். நாம் பழக்கத்தை விடுகிறோம். பழக்கமும் நம்மை விடுகிறது. காய்ச்சல் விட்டது, மழை விட்டது என்கிறோமே, அதே போல. விடாத மழைக்கு விடாமழை என்று பெயர். விடாமழையும் ஒருநாள் விடும் என்பது அதைச் சொல்பவருக்குத் தெரியும்.

எனவே 'விடாப்பழக்கம்' என்கிறேன். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அழியாப்புகழ் போல ஒற்று மிகும். 'நான் விடாத பழக்கம்' என்றும் 'என்னை விடாத பழக்கம்' என்றும் ஒரே மூச்சில் இரு பொருளும் தரும். நோயின் இயல்பும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது: கொஞ்சம் நம் விருப்பம், கொஞ்சம் நம் கைமீறியது. பழி முழுக்க ஒருவர் தலையில் விழாது. மீட்சியும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, ஏனென்றால் விடாதது விடக்கூடியது. ஆளைக் குறிக்கத் தனிப்பெயர் வேண்டாம். 'விடாப்பழக்கத்தில் சிக்கியவர்' போதும். நோய்க்கு ஒரு பெயர் இருக்கலாம், நோயாளியின் பெயரே அதுவாகிவிடக் கூடாது.

'அடிக்டிவ்' என்ற அடைமொழிக்கு 'விடவிடாத' என்று எழுதுங்கள். "விடவிடாத செயலி." விட நினைத்தாலும் விடாத செயலி என்று, குற்றம் எங்கே இருக்கிறதோ அங்கே சொல் போய் நிற்கிறது.

இந்த அடைமொழியில் மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் இன்னொரு தவறும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு விளையாட்டைப் புகழ்வதற்கே அப்படிச் சொல்வார்கள். அதைச் செயலிக் கடை விளம்பரங்களில் "மிகவும் அடிமையாக்கும் விளையாட்டு" என்று தமிழாக்குகிறார்கள். விளம்பரம் படிப்பவரை மிரட்டுகிறது. அங்கே "எடுத்தால் வைக்க மனம் வராத ஆட்டம்" என்பதுதான் தமிழ். கைபேசியையும் திரையையும் கொஞ்ச காலம் தள்ளிவைப்பதைக் குறிக்கும் 'டிடாக்ஸ்' என்பதை "டிஜிட்டல் நச்சு நீக்கம்" என்று ஆக்குவதும் இதே இனம். ஒரு பொழுது உணவைத் தள்ளிவைப்பதற்கு நம்மிடம் நோன்பு என்றும் விரதம் என்றும் சொல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கைபேசி விரதம் என்றால் பாட்டிக்கும் பேரனுக்கும் புரியும். அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போகாமல், இந்த நிலையில் ஒருவர் வீட்டில் எப்படிப் பேசுவார் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே பாதித் தவறு நடக்காது.

வீட்டில் பேசுவதைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். "எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறான்" என்று தாய் சொல்வது நோயறிதல் அல்ல. அளவு மிஞ்சிய பயன்பாட்டைச் சொல்கிறார். தேர்வு வந்தால் அதே பையன் போனை வைத்துவிட்டுப் படிப்பான். போனும் கையுமாக இருப்பதும் விடாப்பழக்கமும் ஒன்றல்ல. இரண்டுக்கும் 'அடிமை' என்று ஒரே முத்திரையைக் குத்தியதால்தான், மருத்துவ உதவி தேவைப்படாத பிள்ளைகளைப் பற்றி வீடுகள் கலங்குகின்றன. உண்மையில் தேவைப்படுபவர்கள் அந்தக் கூச்சலில் காணாமல் போகிறார்கள்.

துண்டறிக்கையைத் திருத்தி அனுப்பிவிட்டேன். எல்லா 'அடிமை'யையும் எடுத்துவிட்டு, பத்துக் கேள்விகளில் இரண்டை மருத்துவ அடையாளங்களுக்கு ஏற்ப மாற்றச் சொல்லிக் குறிப்பும் எழுதினேன். தலைப்பை இப்படி மாற்றியிருக்கிறேன்: "கைபேசியை விட முடியாமல் உங்கள் குழந்தை தவிக்கிறதா?" அச்சுக்குப் போகும்போது எது மிஞ்சும் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.