ஒருநாள் விட்டு ஒருநாள்: குரோம்வெல்லின் காய்ச்சல்

1658 ஆகஸ்ட் மாதம் ஆலிவர் குரோம்வெல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் படுக்கையில் விழுந்தார். மன்னர் முதலாம் சார்லஸைப் போரில் முறியடித்து, தலையைத் துண்டிக்கும் ஆணையில் கையெழுத்திட்டு, முடிசூடாமலே இங்கிலாந்தை ஆண்டவர். அருமை மகள் எலிசபெத்தை அந்த மாதம் 6ஆம் தேதிதான் பறிகொடுத்திருந்தார். அவருக்கு வந்ததோ விநோதமான காய்ச்சல். பற்கள் கிடுகிடுக்கக் குளிரெடுக்கும். பிறகு உடம்பு அனலாய்க் கொதிக்கும். கடைசியில் வியர்த்துக் கொட்டி அடங்கும். அடுத்த நாள் ஓரளவு தெளிவாக இருக்கும். அதற்கு மறுநாள் மீண்டும் குளிர். நம்மவர்கள் முறைக்காய்ச்சல் என்று சொல்வது இதைத்தான்; மலேரியாவின் அடையாளம் இது.

இதற்கான வித்து எங்கே விழுந்திருக்கும் என்று தேட வேண்டியதில்லை. குரோம்வெல் 1599இல் பிறந்த ஹண்டிங்டன் ஊர், கிழக்கு இங்கிலாந்தின் பரந்த சதுப்பு நிலமான ஃபென்ஸ் பகுதியின் விளிம்பில் இருக்கிறது. 1631இல் சொத்தில் பெரும்பகுதியை விற்றுவிட்டு, செயின்ட் ஐவ்ஸில் குத்தகை நிலத்தில் விவசாயம் பார்த்தார். 1636இல் தாய்மாமன் சொத்து கைக்கு வந்ததும் ஈலி நகருக்குக் குடிபெயர்ந்தார். ஈலியைச் சுற்றி எங்கும் சதுப்புதான். குதிரைப்படைத் தளபதியாகப் பெயரெடுப்பதற்கு முன்பே, அவர் வாழ்நாளின் பெரும்பகுதி கொசுக்களின் நடுவே கழிந்துவிட்டது.

அந்தக் கொசுவின் பெயர் அனாஃபிலிஸ் அட்ரோபார்வஸ். லேசாக உப்புக் கரிக்கும் தண்ணீரிலும் முட்டையிடும். குளிர்காலத்தில் மாட்டுக்கொட்டகையிலும் வீட்டுக்குள்ளும் ஒதுங்கிக்கொள்ளும். அது சுமந்த கிருமி பிளாஸ்மோடியம் வைவாக்ஸ். கொசுவின் உடலுக்குள் இந்தக் கிருமி வளர்ந்து முடிக்க ஏறத்தாழ 16 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும்; இங்கிலாந்தின் கோடைக்கு அது தாராளமாகக் கிடைக்கும். மலேரியா என்றால் வெப்பநாட்டு நோய் என்ற நம் எண்ணம் வெறும் பழக்கதோஷம்.

கடித்த கொசுவின் எச்சிலோடு வரும் கிருமி ஒரு மணி நேரத்துக்குள் கல்லீரலுக்குப் போய்விடுகிறது. அங்கே பல்கிப் பெருகி, ரத்தத்தில் இறங்கி, சிவப்பணுக்களுக்குள் புகுந்து, ஹீமோகுளோபினைத் தின்று மறுபடி பெருகுகிறது. அணுவுக்குள் புகுந்ததிலிருந்து அதை வெடித்து வெளியேறும்வரை 48 மணி நேரம். வியப்பு என்னவென்றால், கோடிக்கணக்கான கிருமிகள் ஏறக்குறைய ஒரே வேளையில் வெளியேறுகின்றன. அப்போது சிதறும் கழிவுகளைக் கண்டு நோய் எதிர்ப்பு அணுக்கள் வேதிச் சமிக்ஞைகளைக் கொட்டுகின்றன. மூளையின் ஹைப்போதலாமஸ் உடலின் வெப்ப அளவுகோலைச் சட்டென்று உயர்த்திவிடுகிறது. புதிய அளவை எட்டும்வரை உடம்பு தன்னைக் குளிர்ந்ததாகவே கருதித் தசைகளை நடுங்கவைக்கிறது. காய்ச்சல் ஏறும்போதே குளிர்வது இதனால்தான். அளவுகோல் பழைய இடத்துக்கு இறங்கியதும் வியர்வை. இரண்டு கிருமிக் கூட்டங்கள் ஒருநாள் இடைவெளியில் வளர்ந்தால், காய்ச்சல் தினமும் வரும்.

வைவாக்ஸின் பெரிய தந்திரம் கல்லீரலில் இருக்கிறது. கிருமிகளில் சில அங்கேயே, மழைக்குக் காத்திருக்கும் விதை போல, மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். கொசுவே இல்லாத காலத்தில்கூட எழுந்து நோயைத் திரும்பக் கொண்டுவரும். 1649இல் அயர்லாந்துப் படையெடுப்பிலும் 1651இல் ஸ்காட்லாந்திலும் குரோம்வெல் நோயில் படுத்தார். அவற்றில் மலேரியாவுக்கும் பங்கிருக்கலாம்.

ஆனால் அவர் உயிரைக் குடித்தது மலேரியா மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. வைவாக்ஸ் பெரும்பாலும் இளம் சிவப்பணுக்களையே தாக்குகிறது. ரத்தத்தில் அவை சொற்பம். அதனால் நோயாளி வாடுவாரே தவிர, எளிதில் சாவதில்லை. குரோம்வெல்லுக்கு நெடுநாளாகச் சிறுநீர்க் கல் தொல்லையும் இருந்தது. செப்டம்பர் 3 அன்று அவர் இறந்த பிறகு உடல் அறுத்துப் பார்க்கப்பட்டது. மருத்துவர் ஜார்ஜ் பேட்டின் குறிப்புப்படி, மண்ணீரல் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தது. உள்ளேயோ எண்ணெய்க் கசடு போன்ற பொருள் நிறைந்திருந்தது. சிதைந்த சிவப்பணுக்களை வடிகட்டும் உறுப்பு அதுதான் என்பதால் மலேரியாவை முழுதாக ஒதுக்கவும் முடியாது. சிறுநீர்ப் பாதையில் தொடங்கிய தொற்று ரத்தத்தில் நஞ்சாகப் பரவியது, ஏற்கெனவே மலேரியாவால் நைந்த உடம்பு தாங்கவில்லை என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஒரு கதை விடாமல் சொல்லப்படுகிறது: கத்தோலிக்க ஜேசு சபையினர் பெருவிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல் மருந்தான சின்கோனா மரப்பட்டையை, தீவிரப் புராட்டஸ்டண்டான குரோம்வெல் சமய வெறுப்பால் மறுத்துச் செத்தார் என்று. கேட்கச் சுவையாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. 1658இல் லண்டன் செய்தித்தாளிலேயே அந்தப் பட்டைக்கு விளம்பரம் வந்திருக்கிறது. பட்டையிலுள்ள குயினைன் வேலை செய்யும் விதம் நுட்பமானது. ஹீமோகுளோபினைத் தின்னும்போது கிருமிக்கே நஞ்சான ஹீம் மிஞ்சுகிறது. கிருமி அதைப் படிகமாக்கித் தீங்கில்லாமல் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். குயினைன் அந்தப் படிகமாக்கலைத் தடுக்க, கிருமி தன் சாப்பாட்டின் நஞ்சிலேயே மடிகிறது. கல்லீரலில் உறங்கும் கிருமிகளை மட்டும் குயினைன் தொடாது. அவற்றுக்கு இன்று பிரிமாக்குவின் மாத்திரை தருகிறார்கள். ஆகவே குரோம்வெல் பட்டைக் கஷாயத்தைக் குடித்திருந்தாலும் அந்த ஆகஸ்ட் காய்ச்சல் தணிந்திருக்கலாம், அவ்வளவுதான். சிறுநீர்த் தொற்றுக்கு அது மருந்தே அல்ல.

அந்தப் பட்டையால் பிழைத்தவர், வேடிக்கையாக, குரோம்வெல் தலையைத் துண்டிக்கவைத்த மன்னரின் மகன் இரண்டாம் சார்லஸ். 1679இல் அவருக்குக் காய்ச்சல் கண்டபோது ராபர்ட் டால்போர் என்ற வைத்தியர் ரகசிய மருந்து ஒன்றைக் கொடுத்தார். ஜேசு சபைப் பட்டை ஆபத்தானது என்று ஊரை எச்சரித்து வந்தவர் அதே டால்போர்தான். அவர் இறந்தபின் மருந்தின் செய்முறை வெளியானது: ஒயினில் ஊறிய சின்கோனா பட்டை.