வீட்டிலேயே குணமாகும் காசநோய்: வாலஸ் ஃபாக்ஸ் சென்னையில் நிரூபித்தது

சென்னையின் புறநகர் ரயில் பாதையில் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ‘தாம்பரம் சானடோரியம்’ என்றொரு நிலையம் உண்டு. 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. அந்தக் காலத்தில் டி.பி.க்கு மருந்து கிடையாது. சுத்தமான காற்று, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை, இவ்வளவுதான் சிகிச்சை. இந்தியாவில் மட்டுமில்லை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே கதைதான்.

மருந்து வந்த பிறகும் இந்த நம்பிக்கை அசையவில்லை. மாத்திரை கொடுத்தாலும் நோயாளி சானடோரியத்தில் படுத்துத்தான் ஆகவேண்டும் என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். 1950களில் இந்தியாவில் லட்சக்கணக்கானோருக்குக் காசநோய் இருந்தது. படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். அந்த நம்பிக்கை சரியாக இருந்திருந்தால், பெரும்பாலான நோயாளிகளுக்குச் சிகிச்சை என்பதே எட்டாக்கனிதான். அது சரியா என்று முறையாகச் சோதித்துப் பார்த்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். சோதித்த இடம் சென்னை.

அதற்கு முன்பு, காசநோய் மருந்துகள் ஏன் கூட்டாகக் கொடுக்கப்படுகின்றன என்று பார்த்துவிடலாம். 1947இல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஊசி மருந்தைச் சோதித்தார்கள். மொத்தம் 107 நோயாளிகள். 55 பேருக்கு ஊசியும் படுக்கையும், 52 பேருக்குப் படுக்கை மட்டும். ஆறு மாத முடிவில் ஊசி போட்டவர்களில் 4 பேரும் மற்றவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். பெரிய வெற்றி என்றே தோன்றியது. ஆனால் ஐந்தாண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது ஊசி போட்ட பிரிவில் 32 பேரும் மற்ற பிரிவில் 35 பேரும் இறந்துவிட்டிருந்தார்கள். முதலில் கிடைத்த பலன் ஏறக்குறைய முழுவதும் கரைந்துபோயிருந்தது.

காரணம் எளிய பெருக்கல் கணக்கில் இருக்கிறது. காசநோய்க் கிருமிகள் பெருகும்போது அவற்றின் மரபணுவில் தற்செயலாக மாற்றங்கள் நேரும். ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அடங்காத கிருமி ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்று, மருந்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அங்கே இருக்கும். நோயாளியின் நுரையீரலில் அரித்துப்போன ஒரு குழியில் 10 கோடிக் கிருமிகள் இருக்கலாம். அப்படியென்றால் மருந்துக்கு அடங்காதவை சுமார் 100. ஊசி போடப் போட மற்றவை செத்து ஒழியும். இந்த நூறும் போட்டியில்லாமல் பெருகும். சில மாதங்களில் நுரையீரல் முழுக்க அவற்றின் வாரிசுகள்தான். இப்போது இரண்டாவது மருந்து ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டுக்குமே அடங்காத கிருமி 10 லட்சம் பெருக்கல் 10 லட்சம், அதாவது லட்சம் கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமிகள் ஒரு நோயாளியின் உடலில் இருக்க வாய்ப்பே குறைவு. ஒரு மருந்துக்குத் தப்பியதை இன்னொன்று கொன்றுவிடும். காசநோய்ச் சிகிச்சை இன்றுவரை நிற்பது இந்தக் கணக்கின் மேல்தான்.

1952இல் ஐசோனியசிட் வந்தது. மலிவானது, விழுங்கக்கூடியது, வீரியமானது. இதனுடன் ‘பாஸ்’ எனப்படும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலத்தையும் சேர்த்தால் ஊசியே தேவையில்லாத கூட்டு மருந்து தயார். ஊசி வேண்டாம் என்றால் மருத்துவமனைக் கட்டில் மட்டும் எதற்கு?

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தின. அதன் முதல் இயக்குநர் ஃபாக்ஸ். நகரின் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்கு, மற்றது அவரவர் வீட்டுக்கு. இரு பிரிவுக்கும் ஓராண்டு அதே ஐசோனியசிட், அதே பாஸ்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, பக்கத்திலேயே நர்ஸ். அவர்களுக்கு எடையும் கணிசமாகக் கூடியது. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான ஒற்றை அறைகளில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு மருந்து சாப்பிட்டார்கள். 1959இல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் சானடோரியப் பிரிவில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டுப் பிரிவில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது அந்தச் சிறு வித்தியாசமும் மறைந்து, இரு பிரிவிலும் பத்தில் ஒன்பது பேர் நலமாக இருந்தார்கள்.

சரி, வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்குத் தொற்றாதா? அன்று எல்லோரும் பயந்தது இதற்குத்தான். நோயாளிகளின் குடும்பத்தினரையும் மையம் ஆண்டுக்கணக்கில் பரிசோதித்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பங்களில் நோய் கூடுதலாக வரவில்லை. ஏனென்றால் மருந்து தொடங்கிய முதல் சில நாட்களிலேயே சளியில் உள்ள கிருமிகளில் பெரும்பகுதி செத்துவிடும். இருமலும் குறையும். வீட்டாருக்குத் தொற்று பரவுவது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய மாதங்களில். நோயாளியை வீட்டிலிருந்து பிரிப்பதைவிட அவரைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே தெரியும். இன்றும் டி.பி. என்றதும் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்துவைக்கும் வீடுகள் உண்டு. காசநோய் காற்றில்தான் பரவுகிறது, பாத்திரத்தில் இல்லை. அந்த ஒதுக்கல் நோயாளிக்குத் தருவது வேதனையை மட்டும்தான்.

என்னைப் பொறுத்தவரை ஃபாக்ஸின் பெருமை இந்த முடிவோடு நிற்பதில்லை. மருந்து வேலை செய்கிறதா என்று கேட்கும் ஆராய்ச்சியாளர்கள் பலர். மருந்து நோயாளியின் வயிற்றுக்குள் போகிறதா என்று அவர் கேட்டார். பாஸ் மருந்தைத் தினமும் கை நிறைய விழுங்கவேண்டும், வயிற்றைப் புரட்டும். இரண்டு மூன்று மாதங்களில் இருமல் நின்று, உடம்பு தேறிவிடும். அப்புறம் யாருக்குத்தான் அந்த மருந்தை விழுங்கப் பிடிக்கும்? மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரில் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதது ஏழைகளின் பழக்கம், படிக்காதவர்களின் பழக்கம் என்று அவர் ஒதுக்கவில்லை. எல்லா மனிதர்களுக்கும் பொதுவான இயல்பு அது. சிகிச்சையைத்தான் அதற்கேற்ப அமைக்கவேண்டும் என்று எடுத்துக்கொண்டார்.

அப்படித்தான் வாரம் இரண்டு முறை மருந்து என்ற யோசனை பிறந்தது. காசநோய்க் கிருமியின் ஒரு குணம் இதற்குக் கைகொடுத்தது. மருந்து பட்டுத் தப்பிய கிருமிகள், மருந்து நீங்கிய பிறகும் சில நாட்களுக்குப் பெருகாமல் முடங்கிக் கிடக்கும். அந்த இடைவெளிக்குள் அடுத்த வேளை மருந்து போய்ச் சேர்ந்தால் போதும். மையத்துக்கு வந்து, ஊழியர் கண்முன்னே ஐசோனியசிட்டும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் எடுத்துக்கொண்டவர்கள், தினசரி வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களுக்கு இணையாகவே குணமானார்கள். ‘நேரடிக் கண்காணிப்பில் சிகிச்சை’ என்று பின்னாளில் உலகமெங்கும் பரவிய முறைக்குச் சென்னையும் ஹாங்காங்கும்தான் பிறப்பிடங்கள்.

இதையே வாரம் ஒரு முறை என்று குறைத்தபோது சிலருக்கு மட்டும் பலன் குறைந்தது. கல்லீரல் ஐசோனியசிட்டைச் செயலிழக்கச் செய்யும் வேகம் ஆளுக்கு ஆள் பரம்பரையாக மாறுகிறது. சிலரின் ரத்தத்தில் அதன் அளவு ஒரு மணி நேரத்தில் பாதியாகும், சிலருக்கு மூன்று மணி நேரம் ஆகும். தினமும் சாப்பிடும்போது இந்த வேறுபாடு பொருட்டில்லை. வாரம் ஒரு முறை என்றால் வேகமாகச் சிதைப்பவர்களுக்கு மருந்து போதவில்லை. மரபணுவுக்கும் மருந்துக்கும் உள்ள உறவைக் காட்டிய தொடக்ககால ஆய்வுகளில் சென்னையில் நடந்தவைக்கு முக்கிய இடம் உண்டு.

ஃபாக்ஸ் 1961இல் சென்னையை விட்டுப் போனார். 1965 முதல் 1986 வரை பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் காசநோய்ப் பிரிவை வழிநடத்தினார். அடுத்து அவர் கைவைத்தது சிகிச்சையின் நீளத்தில். ஓராண்டு, ஒன்றரையாண்டு என்று நீண்டதைக் குறைக்க முடியுமா?

நீளுவதற்குக் காரணம் கிருமியின் மந்தம். குடலில் வாழும் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். காசநோய்க் கிருமிக்கு 18 முதல் 24 மணி நேரம் வேண்டும். அவற்றிலும் எல்லாம் ஒரே நிலையில் இருப்பதில்லை என்று ஃபாக்ஸுடன் நெடுங்காலம் உழைத்த கிருமியியலாளர் டெனிஸ் மிட்சிசன் விளக்கினார். சுறுசுறுப்பாகப் பெருகுபவற்றை ஐசோனியசிட் வேகமாகக் கொல்லும். பெரும்பாலும் உறங்கி, எப்போதாவது சற்று நேரம் விழிப்பவற்றை ரிஃபாம்பிசின் என்ற மருந்து பிடிக்கும். அமிலத்தன்மை உள்ள இடங்களில் பதுங்கி மெதுவாக வாழ்பவற்றைப் பைராசினமைடு என்ற மருந்து தாக்கும். சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் மாதக்கணக்கில் மருந்து சாப்பிடச் சொல்வது இந்த உறங்குமூஞ்சிகளுக்காகத்தான்.

1970இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் தொடங்கிய ஆய்வு இதை நேரடியாகக் காட்டியது. ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோனியசிட்டும் மட்டும் ஆறு மாதம் பெற்றவர்களில் 29 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. ரிஃபாம்பிசினும் சேர்த்துப் பெற்றவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான். இன்று நம் அரசு மருத்துவமனைகளில் தரப்படும் ஆறு மாதச் சிகிச்சை அந்த வரிசை ஆய்வுகளின் வாரிசு. இந்தியாவின் தேசியத் திட்டம் பல ஆண்டுகள் வாரம் மூன்று முறை மருந்து கொடுத்துவந்தது. 2017 முதல் தினசரி முறைக்கு மாறிவிட்டது.

சென்னை ஆய்வின் முடிவை ஒருவர் தவறாகப் படிக்க வாய்ப்புண்டு: சாப்பாடு முக்கியமில்லை என்று. அந்த ஆய்வு சொன்னது, சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சத்துக்குறைவிலும் கிருமி அடங்கும் என்பதை மட்டும்தான். யாருக்கு நோய் வருகிறது, யார் பிழைக்கிறார் என்பது வேறு கேள்வி. சேத்துப்பட்டு மையம் இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதன் பங்களிப்போடு ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. நோயாளிகளின் வீட்டில் வசித்த 10,000க்கும் மேற்பட்டவர்களை அதில் கவனித்தார்கள். மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதங்களில் எடை கூடியவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது.