திறக்காத கதவுக்குக் கட்டணம் உண்டா?

அமெரிக்காவில் வசதியற்றவர்களுக்கான மனநலச் சிகிச்சையிலும் போதை மீட்புச் சிகிச்சையிலும் பெரும்பங்கு சமூக மனநல மையங்கள் வழியாகவே நடைபெறுகிறது. அம்மையங்களின் முதன்மையான வருவாய் மெடிக்கெய்ட் என்னும் அரசுக் காப்பீடு. அதன் செலவை மத்திய அரசும் மாநிலமும் பகிர்ந்துகொண்டாலும், எந்தச் சேவைக்கு எவ்வளவு என்று வகுப்பது மாநிலமே. அத்தகைய மையம் ஒன்றில் முதலில் சமூகப் பணியாளராகவும் பின்னர் பில்லிங் பிரிவின் பொறுப்பிலும் இருந்திருக்கிறேன். நோயாளிக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதில் மருத்துவரின் சீட்டைவிடக் கட்டணப் பட்டியலின் கைதான் ஓங்கியிருக்கிறது என்பது என் அனுபவம்.

ஒரு பிப்ரவரி காலை. மனச்சிதைவு நோய்க்கான மாதாந்திர ஊசியைத் தவறவிட்ட ஒருவரைத் தேடி எங்கள் கேஸ் மேனேஜர் பனிச்சாலையில் 40 நிமிடம் காரோட்டிச் சென்றார். மூன்று முறை கதவைத் தட்டினார். திரைச்சீலை அசைந்தது, கதவு திறக்கவில்லை. வாசற்படியில் நின்றபடியே நோயாளியின் அக்காவிடமும் மருந்துக்கடையிடமும் தொலைபேசியில் பேசிவிட்டு, தன் அட்டையைக் கதவிடுக்கில் செருகிவைத்துத் திரும்பினார். அரைநாள் போயிற்று. அன்றைய பில்லிங் தாளில் அவர் பெயருக்கு நேரே இருந்தது சுழியம். அப்போது எங்களுக்கு இருந்தது சேவைக்குச் சேவை கட்டணம்: நேருக்கு நேர் செலவிடும் ஒவ்வொரு 15 நிமிடமும் ஓர் அலகு, பயணத்திற்குப் பணமில்லை, வராத நோயாளிக்காகக் காத்திருந்த நேரத்திற்கும் பணமில்லை. மாத இறுதியில் அலகுகளை எண்ணும்போது, தவறாமல் அலுவலகத்துக்கு வருகிறவர்களைப் பார்த்த ஊழியர் முன்னே நிற்பார். வர இயலாதவர்களைத் தேடிப் போனவர் பின்தங்குவார். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. பணம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, உழைப்பும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

உளவியல் ஆலோசனைக்கும் இதே கதைதான். ஒரு மணி நேர அமர்வுக்கான குறியீட்டில் பில் அனுப்ப 53 நிமிடமாவது பேசியிருக்க வேண்டும். 52 நிமிடமானால் 45 நிமிட அமர்வுக்கான குறியீட்டுக்கு இறங்கிவிடும். (எழுந்து கதவருகே போன பிறகுதான் பலர் உண்மையான பிரச்சினையைச் சொல்லத் தொடங்குவார்கள் என்பது இத்தொழிலில் எல்லோருக்கும் தெரியும், குறியீட்டுக்குத் தெரியாது.)

இந்தக் குறை நேற்று முளைத்ததன்று. 1963இல் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட சமூக மனநல மையச் சட்டம் கட்டடம் எழுப்பப் பணம் தந்தது. ஆண்டுதோறும் மையத்தை நடத்துவதற்கு நிலையான வழி செய்யவில்லை. 1981இல் மத்திய நிதி மொத்த மானியமாக மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் மையங்கள் மெடிக்கெய்டின் அலகுகளை நம்பியே காலந்தள்ளின.

2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 223ஆம் பிரிவு வேறொரு கணக்கைச் சோதித்துப் பார்க்க வழிவகுத்தது. மிசௌரி, ஓக்லஹோமா, நியூயார்க், நியூஜெர்சி உள்ளிட்ட 8 மாநிலங்களில் 2017இல் அது தொடங்கியது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாண்டுக்கு ஒருமுறை 10 மாநிலங்கள் வரை சேர இடமளித்தது. இத்திட்டத்தில் சான்று பெறும் மையம் (ஆங்கிலச் சுருக்கம் CCBHC) நெருக்கடி உதவி, போதை மீட்பு, மறுவாழ்வு முதலிய 9 வகைச் சேவைகளை அளித்தாக வேண்டும். அதற்கு ஈடாகக் கட்டணம் செலவின் அடிப்படையில் முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுகிறது. கணக்கு எளிது. மையத்தின் ஓராண்டுச் செலவு 60 லட்சம் டாலர், நோயாளிகள் சேவை பெற்ற நாள்கள் மொத்தம் 20,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கான கட்டணம் 300 டாலர். அந்த நாளில் ஒரு நோயாளி எங்கள் ஊழியர் ஒருவரைப் பார்த்தாலும் மூவரைப் பார்த்தாலும் அவருக்காக வருவது அதே தொகைதான். திறக்காத கதவு இப்போதும் சேவை நாளாகாது. ஆனால் அங்கே போய்வந்த பெட்ரோலும் சம்பளமும் வகுபடும் செலவுக்குள் வந்துவிடுகின்றன. இன்னும் நியமிக்காத ஊழியரின் சம்பளத்தையும் எதிர்பார்ப்புச் செலவாக முதற்கணக்கில் சேர்க்கலாம். என் மதிப்பில் சீர்திருத்தத்தின் உயிர்நாடி இதுதான். பழைய முறையில் ஆள் இருந்தால்தான் வருமானம், வருமானம் இருந்தால்தான் ஆள் என்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தோம்.

புதிய முறையிலும் ஓட்டைகள் உண்டு. மாநிலம் தேர்ந்தெடுப்பது இப்படிப்பட்ட நாட்கட்டணம் என்றால், ஒரே நாளில் முடிக்கக்கூடிய இரண்டு சேவைகளை இரண்டு நாளாகப் பிரிக்கத் தோன்றும். பேருந்துக்குக் காசில்லாதவரை மறுநாளும் வரச் சொல்வது கொடுமை. நோயாளிக்கு மாதத்துக்கு ஒரே தொகை தரும் மாதக்கட்டணம் என்றால், மாதம் ஒருமுறை பார்த்தால் போதும் என்று தோன்றும். அதனால்தான் மாதக்கட்டண முறையில் கடுமையான நோயுள்ளவர்களுக்குத் தனிக் கட்டண விகிதமும், சிகிச்சைத் தரத்துக்கு ஊக்கத்தொகையும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. எதைத் தேர்ந்தெடுத்தாலும், சம்பளமும் வாடகையும் ஏறும் வேகத்துக்கு ஏற்பச் செலவை மறுபடி அளந்து விகிதத்தைத் திருத்தாத மாநிலத்தில், புதிய கட்டணமும் சில ஆண்டுகளில் பழைய பற்றாக்குறைக்கே வந்துசேரும்.

உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் இவ்வுதவி தேவைப்பட்டால், அருகிலுள்ள மையம் இச்சான்று பெற்றதா என்று கேளுங்கள். பெற்றதாயின், பணம் கட்ட இயலாதவர் என்றோ வேறு ஊர்க்காரர் என்றோ அது திருப்பியனுப்ப முடியாது. அவசரத் தேவையெனில் ஒரு வேலைநாளுக்குள்ளும், மற்றபடி 10 வேலைநாள்களுக்குள்ளும் முதல் மதிப்பீட்டைச் செய்ய வேண்டும். நெருக்கடி உதவி 24 மணி நேரமும் உண்டு. வரவேற்பறையில் "அடுத்த மாதம் வாருங்கள்" என்றால், இந்த விதியைச் சொல்லிக் கேட்கலாம்.

நாட்கட்டணம் வந்த பிறகும் எங்கள் ஊழியர்கள் 15 நிமிடக் கட்டங்களை நிரப்புவது நிற்கவில்லை. பில்லில் டி1040 என்னும் ஒற்றைக் குறியீட்டுக்குப் பணம் வருகிறது. அதன்கீழே ஒவ்வொரு சேவையும் சுழிய டாலர் வரியாகப் பதிவாகிறது. இது வீண்வேலை என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் முணுமுணுப்பார்கள். அந்த வரிகள் இல்லையென்றால், 300 டாலருக்கு நோயாளிக்கு என்ன கிடைத்தது என்று மாநிலம் கேட்கும்போது காட்டுவதற்கு எங்களிடம் ஒன்றுமிராது.