‘கூட்டாண்மைக் கலாசார ஒருங்கிணைப்பு’

“சித்தப்பா, பிளேன் கொம்பனிக்கு என்னத்துக்குக் கலாசார நிகழ்ச்சி?” போன கிழமை பெறாமகள் ஒரு மொழிபெயர்ப்புக் குறிப்பை நீட்டிக் கேட்டாள். இரண்டு விமான நிறுவனங்கள் ஒன்றாகும்போது ஊழியர்களின் வேலைப் பழக்கங்களும் ஒன்றாக வேண்டும் என்பதே விஷயம். ‘கோர்ப்பரேட் கல்ச்சர் இன்டெகிரேஷன்’ என்ற ஆங்கிலத் தொடருக்குக் குறிப்பில் இருந்தது ‘கூட்டாண்மைக் கலாசார ஒருங்கிணைப்பு’. நான் இதைப் பத்துத் தரமாவது பொறுத்திருப்பேன்.

வேர்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். கோர்ப்பரேட்டுக்கு இலத்தீனில் ‘உடல்’, கல்ச்சருக்கு ‘உழுது பேணுதல்’, இன்டெகிரேஷனுக்கு ‘முழுமை’.

‘கூட்டாண்மை’தான் எனக்குத் தீராத எரிச்சல். இங்கே இலங்கையில் கோர்ப்பரேட் கவர்னன்ஸை ‘கூட்டாண்மை ஆளுகை’ என்று எழுதிப் பழகிவிட்டோம். தமிழ்நாட்டில் அதே சொல் பாட்னர்ஷிப்பைக் குறிக்கும். நாங்கள் பங்குடைமை என்பது. பங்குடைமைக்குச் சட்டத்தில் தனி ஆளுமை கிடையாது என்று உயர்தர வணிக மாணவருக்கே தெரியும். உடல் என்ற வேரில் வந்த சொல்லுக்கு, உடலே இல்லாத ஒன்றின் பெயரையா வைப்பது? ‘நிறுவனம்’ என்றால் என்ன குறைந்துவிடும்?

‘கலாசாரம்’ வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் இருக்கும் ஊரில், அந்தச் சொல்லைக் கேட்டால் கூத்தும் கலைவிழாவுமே நினைவுக்கு வரும். ஒருங்கிணைப்பாளர் என்றால் விழாவுக்குக் கதிரை எடுப்பிப்பவர். பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

2019 ஒக்டோபரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வந்த அலையன்ஸ் எயாரையே எடுங்கள். 1996இல் இந்தியன் எயார்லைன்ஸின் துணை நிறுவனமாகப் பிறந்தது. 2007இல் அந்தத் தாய் நிறுவனம் எயார் இந்தியாவோடு இணைந்தது. ஐந்து வருடம் கழித்தும், புதிய போயிங் 787க்கான பயிற்சியை மற்றப் பக்கத்து விமானிகளுக்கும் கொடுப்பதா என்று பழைய எயார் இந்தியா விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது ஏறத்தாழ இரண்டு மாதம் நீண்டது. யார் மூத்தவர், யாருக்கு எந்த விமானம் என்ற வழக்கங்கள் அங்கே ஒன்றவில்லை. ‘மனம் ஒன்றவில்லை’ என்று நாளும் பொழுதும் சொல்கிறோமே, அந்த ஒன்றுதல்தான் இது.

ஆகவே ‘நிறுவன வழக்கங்களை ஒன்றவைத்தல்’ என்று எழுதிக் கொடுத்தேன். மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா நீளம்” என்றார். எண்ணிக் காட்டினேன். குறிப்பில் இருந்ததும் மூன்று சொல், என்னுடையதும் மூன்று சொல்தான்.